மைக்ரோபுருவரி: கெட்டில் வாங்குவதற்கு முன் கற்க வேண்டியவை

மைக்ரோபுருவரி, அதாவது சிறிய அளவில் பீர் வடிக்கும் கூடம், தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விலை விசாரிப்பது கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கும் கெட்டிலை, அதாவது கொதிகலனைத்தான். வருமானத்தை முடிவு செய்வதோ குளிரில் நிற்கும் பெர்மென்டர்கள், அதாவது பீர் நொதிக்கும் டேங்குகள். பெங்களூரு போன்ற நகரத்தில், வடிக்கும் இடத்திலேயே பரிமாறும் கடையை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

டேங்க் கணக்கு

500 லிட்டர் புருஹவுஸ் (கொதி வரையிலான வேலை நடக்கும் கலன்கள்), 1000 லிட்டர் பெர்மென்டர் நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் இரண்டு முறை வடித்தால் ஒரு டேங்க் நிறையும். ஏல் வகை (சற்று வெப்பத்தில் சீக்கிரம் நொதிக்கும் பீர்) டேங்கில் 14 நாள் இருக்கும். கழுவும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு டேங்க் ஆண்டுக்கு 25 முறை சுழலும். நான்குக்கும் சேர்த்து 1 லட்சம் லிட்டர். ஈஸ்ட் படிவு, ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) உறிஞ்சுவது, குழாயில் தங்குவது என்று 10 சதவீதம் போகும். விற்கக் கிடைப்பது 90,000 லிட்டர்.

இப்போது ஒரு டேங்கை மட்டும் லாகருக்கு (குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர்) ஒதுக்குங்கள். லாகர் 35 நாள் கேட்கும். அந்த டேங்க் ஆண்டுக்கு 10 முறைதான் சுழலும். மொத்தம் 85,000 லிட்டராகக் குறையும், இழப்புக்கு முன்பே. ஆகவே லாகரின் விலையில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) செலவோடு டேங்க் வாடகையையும் ஏற்ற வேண்டும். பலர் ஏற்றுவதில்லை.

அடுத்து இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 90,000 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 250 லிட்டர், அதாவது 330 மில்லி கோப்பையில் ஏறக்குறைய 750. திங்கள், செவ்வாய் மந்தமாகத்தான் போகும். வெள்ளி முதல் ஞாயிறு வரை அதை ஈடுகட்ட வேண்டும். உங்கள் இருக்கைகள் அந்த எண்ணைத் தாங்காது என்றால் நான்காவது டேங்க் தேவையில்லை. எட்டு வகை பீர் என்று பலகையில் எழுதும் ஆசையும் இங்கேதான் இடிக்கும்: விற்காத வகை டேங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும், விற்கும் வகை தீர்ந்துபோகும். நான்கு நிலையான வகை, ஒன்று மாறிக்கொண்டே இருப்பது. முதல் ஆண்டுக்கு அது போதும்.

எங்கே, எந்த வரிசையில் கற்பது

லண்டனின் இன்ஸ்டிடியூட் ஆஃப் புருவிங் அண்ட் டிஸ்டிலிங் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகளுக்கு ஊரிலிருந்தே படிக்கலாம். நேரில் போகக் கைக்காசு இருந்தால் பெர்லினின் விஎல்பி, மியூனிக் அருகே கிரேஃபெல்ஃபிங்கில் உள்ள டோமென்ஸ் ஆகிய பயிற்சி நிலையங்கள். ஆனால் இந்தியாவில் ஒரு சிக்கல் உண்டு. மது வடிப்பது மாநிலக் கலால் சட்டத்தின் கீழ் வருவதால், வீட்டுச் சமையலறையில் பழகிப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். உரிமம் பெற்ற ஒரு புருவரியில் மூன்று மாதமாவது வேலைக்குச் சேருங்கள். அங்கும் கெட்டில் பக்கம் நிற்காமல் டேங்க் கழுவும் ஆளோடு நில்லுங்கள். இந்தத் தொழிலில் கெட்டுப்போகும் பீரில் பெரும்பகுதி கெடுவது கொதி முடிந்த பிறகுதான்.

ஒரு வடிப்பு, எண்களோடு

12 பிளேட்டோ (நீரில் கரைந்த சர்க்கரையின் எடைச் சதவீதம்) அடர்த்தியில் 500 லிட்டருக்கு 100 கிலோ மால்ட் கணக்கு. 300 லிட்டர் நீரை 72 டிகிரிக்குச் சூடாக்கி, 25 டிகிரியில் இருக்கும் மால்ட்டோடு கலந்தால் 66 டிகிரியில் வந்து நிற்கும். 60 நிமிடம் வையுங்கள். பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5.2 முதல் 5.4 வரை. போர்வெல் நீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள பைகார்பனேட் பிஎச்சை மேலே தள்ளும். வெளிர் பீரில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு வருவது அதனால். ஆர்ஓ நீர் 1000 லிட்டருக்கு ஜிப்சம் 150 கிராம், கால்சியம் குளோரைடு 150 கிராம் சேர்த்தால் கால்சியம் 75 பிபிஎம் (பத்து லட்சத்தில் 75 பங்கு) அளவுக்கு வரும்.

மால்ட்டை அலசும் நீர் 76 முதல் 78 டிகிரி. வடியும் வோர்ட் (மால்ட்டின் இனிப்புச் சாறு) 2 பிளேட்டோவுக்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள். மிச்சச் சர்க்கரைக்கு ஆசைப்பட்டால் உமியின் துவர்ப்பு சேர்ந்து வரும். 60 நிமிடக் கொதி. பில்ஸ்னர் மால்ட் அதிகம் என்றால் 90. இல்லாவிட்டால் வேகவைத்த சோள வாசனை தங்கிவிடும். 18 டிகிரிக்குக் குளிர்வித்து, உலர் ஈஸ்ட் 250 முதல் 400 கிராம். லாகருக்கு இதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஈஸ்ட்டில் மிச்சம் பிடிப்பவர்களின் பீர் மூன்றாம் நாள் மந்தமாகி, வெண்ணெய் வாசனையோடு நிற்கும்.

நொதித்து முடிந்த பீரைக் குளிர்விப்பதற்கு முன் ஒரு சோதனை. மாதிரியை மூடிய குப்பியில் 60 டிகிரி நீரில் 30 நிமிடம் வைத்து, ஆறியதும் முகர்ந்து பாருங்கள். வெண்ணெய் வாசனை இருந்தால் அதைத் தரும் டையசிட்டைலின் மூலப்பொருள் இன்னும் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி சோதியுங்கள். தேதி பார்த்துக் குளிர்விக்கும் கடைகளில் இதே குறை திரும்பத் திரும்ப வரும்.

கழுவுவது

வெந்நீர் அலசல், 70 டிகிரியில் 2 சதவீதக் காஸ்டிக் சோடா 30 நிமிடம், அலசல், 1 சதவீத அமிலம், அலசல், கடைசியில் கிருமி நீக்க 200 பிபிஎம் பெர் அசிட்டிக் அமிலம். வரிசை எளிது, ஆபத்து இரண்டு இடத்தில். டேங்கில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும்போதே காஸ்டிக் விட்டால் அது வாயுவை விழுங்கும். காஸ்டிக் வீணாவதோடு உள்ளே வெற்றிடம் உண்டாகி டேங்க் நசுங்கும். மூடிய டேங்கில் சூடான கழுவலுக்குப் பிறகு குளிர்ந்த நீர் பாய்ச்சினாலும் அதே கதிதான். மேல்துவாரத்தைத் திறந்து, வாயுவை வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள். காஸ்டிக்கை நீரில் சேர்க்க வேண்டும், நீரைக் காஸ்டிக்கில் அல்ல. குளிர் அறையில் கார்பன் டை ஆக்சைடு அலாரத்தைத் தரையோரம் பொருத்துங்கள். அது காற்றைவிடக் கனமானது. டேங்குக்குள் தனியாகத் தலையை விடும் பழக்கத்தை முதல் நாளே தடை செய்யுங்கள்.

லிட்டருக்கு எவ்வளவு

கணக்கு புரிவதற்காக, 500 லிட்டர் வடிப்பு ஒன்றுக்கு: மால்ட் 10,000 ரூபாய், ஹாப்ஸ் 4,500, ஈஸ்ட் 3,000, ரசாயனமும் வாயுவும் 2,500. மொத்தம் 20,000. 500 லிட்டரால் வகுத்து 40 ரூபாய் என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. விற்பது 450 லிட்டர், ஆகவே 44. இதன் மேல் கலால், மதிப்புக்கூட்டு வரி, மின்சாரம், சம்பளம், ஆண்டு உரிமக் கட்டணத்தின் பங்கு. கட்டணம் எவ்வளவு வடித்தாலும் மாறாது. மந்தமான மாதத்தில் லிட்டருக்கு அதுவே கனக்கும்.

மனிதர் அருந்தும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. அதனால் மால்ட்டுக்கும் இயந்திரத்துக்கும் நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியை பீர் விற்பனையில் கழித்துக்கொள்ள முடியாது, முழுவதும் செலவு. இயந்திரக்காரர் தரும் விலைப்பட்டியலை வரியோடு சேர்த்தே திட்டத்தில் எழுதுங்கள்.

ஏட்டில் ஒவ்வொரு வடிப்புக்கும் எண், வோர்ட் அளவு, தொடக்க அடர்த்தி, முடிவு அடர்த்தி, இழப்பு, பரிமாறியது. கலால் அதிகாரி கேட்பார் என்பதற்காக மட்டும் அல்ல. இழப்பு 10 சதவீதத்திலிருந்து 15க்கு ஏறுவதை இதே ஏடுதான் முதலில் காட்டும். கெட்ட டேங்கைக் கொட்டுவதானால் கலால் அலுவலகத்துக்குத் தெரிவித்து, எழுத்தில் அனுமதி வந்த பிறகு கொட்டுங்கள்.

100 கிலோ மால்ட் போட்டால் ஈரச் சக்கை 120 கிலோ வரை வரும். பால்காரர் மாட்டுத் தீவனமாக எடுத்துக்கொள்வார், ஆனால் அன்றே எடுக்க வேண்டும். மறுநாள் வெயிலில் புளித்து, தெருவே மூக்கைப் பிடிக்கும். வடிக்கும் நாட்களை அவருடைய வண்டி வரும் நாட்களோடு பொருத்தி வையுங்கள்.