உங்களிடம் இருக்கும் ஈ-ஸ்வோர்டு எந்தப் பதிப்பு? கோப்பிடமே கேட்டுவிடலாம்

சித்தப்பா நாசரேத் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியார். போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்தார்.

"ஏல, நம்ம ஈ-ஸ்வோர்டுல தமிழ் பைபிள் வரமாட்டேங்குதுலே. பென் டிரைவ்ல வாங்கிப் போட்டேன். ஃபைல் இருக்கு, உள்ள போனா தெரியல."

"எந்த வெர்ஷன் சித்தப்பா?"

"ஓ.வி.தான்லே. வேற எத வாசிக்கோம் நாம?"

குழப்பம் இங்கேயே ஆரம்பித்துவிட்டது. நான் கேட்டது மென்பொருளின் பதிப்பை. அவர் சொன்னது மொழிபெயர்ப்பை (ஓ.வி. என்றால் ஓல்டு வெர்ஷன், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு). இரண்டுக்கும் நடுவில் கோப்பின் வகை என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. அன்றைய கோளாறு அங்கேதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

ஈ-ஸ்வோர்டு என்பது அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த ரிக் மேயர்ஸ் 2000-ல் இலவசமாக வெளியிட்ட வேதாகம ஆய்வு மென்பொருள். நிறுவுவது எப்படி என்பதை எல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே கணினியில் இருக்கிறது, ஆனால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல் படி: மென்பொருளின் எண்

ஈ-ஸ்வோர்டைத் திறந்து மேலே ஹெல்ப் மெனுவில் அபௌட் என்பதைச் சொடுக்குங்கள். ஓர் எண் வரும். புள்ளிக்கு முன்னால் இருப்பது மட்டும் போதும். அது 8 அல்லது அதற்கும் கீழா, 9 அல்லது அதற்கும் மேலா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நிரல் திறக்கவே மறுக்கிறதா? ஈ-ஸ்வோர்டு ஃபோல்டரில் நிரலின் கோப்பை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பக்கம் போங்கள். அதே எண் அங்கேயும் இருக்கும்.

சித்தப்பாவின் மடிக்கணினியில் இருந்தது 9. சரி, அடுத்தது.

இரண்டாம் படி: கோப்பின் பின்னொட்டு (நான் வழுக்கி விழுந்த இடம்)

பழைய ஈ-ஸ்வோர்டில், அதாவது 8 வரை, வேதாகமக் கோப்பின் பெயர் புள்ளி பிபிஎல் (.bbl) என்று முடியும். இந்தக் கடைசித் துண்டுதான் பின்னொட்டு. 9 வந்தபோது உள்ளே இருக்கும் தரவுத்தளமே மாறியது. அதனால் பெயரின் கடைசியில் ஓர் எக்ஸ் சேர்ந்து பிபிஎல்எக்ஸ் ஆனது. விளக்கவுரை, அகராதிக் கோப்புகளுக்கும் இதே கதைதான், கடைசியில் எக்ஸ். ஐபேடுக்கான ஈ-ஸ்வோர்டு எச்டி வந்தபோது எக்ஸ் இருந்த இடத்தில் ஐ வந்தது. விண்டோஸில் வரும் பிந்திய பதிப்புகளும் அந்த ஐ கோப்புகளுக்கு மாறிவிட்டன.

8-க்கு எக்ஸ் புரியாது. 9-க்கு வெறும் பிபிஎல் ஆகாது. ஆகாது என்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. அந்தக் கோப்பு அங்கே இல்லாதது போலவே நிரல் நடந்துகொள்ளும். "ஃபைல் இருக்கு, உள்ள தெரியல" என்று சித்தப்பா சொன்னது இதைத்தான்.

தொலைவிலிருந்தே அவர் திரையைப் பார்த்தேன். கோப்பின் பெயர் தமிழ் என்று இருந்தது, பிறகு புள்ளி, பிறகு பிபிஎல். "அட, பழைய வகை" என்று முடிவு கட்டிவிட்டேன். சோதனைக்காகப் பெயரின் கடைசியில் எக்ஸ் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். வரவில்லை. எக்ஸை எடுத்தேன். நிரலை மூடித் திறந்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். சித்தப்பா அதற்குள் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். தெரிந்த வகைக் கோப்புகளின் பின்னொட்டை விண்டோஸ் தானாகவே மறைத்துவிடும். பொதுவாக ஈ-ஸ்வோர்டு மாதிரி அபூர்வமான பின்னொட்டுகள் மறையாது, முழுசாகத் தெரியும். ஆனால் சித்தப்பா அந்தக் கோப்பை ஏற்கெனவே இருமுறை சொடுக்கியிருக்கிறார். எதில் திறக்க வேண்டும் என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. நோட்பேடைக் காட்டி, "எப்போதும் இதிலேயே திற" என்பதிலும் டிக் போட்டுவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து விண்டோஸுக்கு அது தெரிந்த வகை. கடைசிப் பின்னொட்டு திரையிலிருந்து காணாமல் போனது. நான் பார்த்த பிபிஎல் கடைசிப் பின்னொட்டே இல்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டிருந்தது. நான் சேர்த்த எக்ஸும் நடுவில்தான் போய் உட்கார்ந்தது.

ஆகவே வேறு எதையும் செய்வதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போங்கள். விண்டோஸ் 10-ல் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற கட்டம் அங்கேயே இருக்கும். விண்டோஸ் 11-ல் வியூவுக்குள் ஷோ, அதற்குள் இருக்கிறது. அதில் டிக் போடுங்கள்.

டிக் போட்டதும் சித்தப்பாவின் கோப்பு தன் முழுப் பெயரையும் காட்டியது: பிபிஎல், அதற்குப் பிறகு புள்ளி, மைபைபிள். ஈ-ஸ்வோர்டுக்கான கோப்பே இல்லை அது! ஆண்ட்ராய்டு போனில் ஓடும் மைஸ்வோர்டு செயலியின் கோப்பு. யாரோ ஒரு தம்பி தன் போனிலிருந்து நல்லெண்ணத்தோடு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாம் படி: கோப்பைத் திறந்து முதல் வரியைப் பார்ப்பது

பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் உள்ளேயும் எட்டிப் பார்த்துவிடுவது நல்லது. பெரிய கோப்பு என்றால் சாதாரண நோட்பேட் திணறும். நான் நோட்பேட் பிளஸ் பிளஸ்தான் பயன்படுத்துகிறேன், இலவசம். திறந்தால் குப்பை மாதிரி எழுத்துகள் வரும், பயப்பட வேண்டாம். மேலே முதல் வரியை மட்டும் பாருங்கள். சேமிக்க மட்டும் செய்யாதீர்கள், சேமித்தால் கோப்பு கெட்டுவிடும். ஒரு நகல் எடுத்து அதைத் திறப்பது இன்னும் நல்லது.

"ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி" என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் வகை, 8 வரையிலான பழைய கோப்பு. பின்னொட்டில் எக்ஸ் இருந்தாலும் நம்பாதீர்கள், யாரோ பெயரை மாற்றியிருக்கிறார்கள். "எஸ்க்யூலைட் ஃபார்மட் 3" என்று இருந்தால் புதிய வகை. ஆனால் மைஸ்வோர்டு கோப்பும் இதே வரியில்தான் தொடங்கும். குப்பையே இல்லாமல் வரிக்கு ஒரு வசனமாகத் தெளிவாகத் தெரிந்தால் அது தவேர்டு (theWord) என்ற இன்னொரு வேதாகம மென்பொருளின் கோப்பாக இருக்கலாம்.

இன்னும் சந்தேகம் என்றால் டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச நிரலில் திறந்து பாருங்கள். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் வடிவம் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். ஃபைல் மெனுவில் ரீட் ஒன்லி என்று முடியும் வாய்ப்பில் திறந்தால் தவறுதலாக எதையும் மாற்ற முடியாது. உள்ளே டீட்டெய்ல்ஸ் என்ற அட்டவணையில் கோப்பின் பெயர், சுருக்கம், அதைச் செய்தவர் எழுதிய குறிப்பு எல்லாம் இருக்கும். பைபிள் என்ற அட்டவணையில் வரிக்கு ஒரு வசனம். வரிகள் எத்தனை என்று கீழே காட்டும். 31,102-ஐ ஒட்டி இருந்தால் 66 புத்தகங்களும் இருக்கின்றன. 7,957-ஐ ஒட்டி இருந்தால் உங்களிடம் இருப்பது புதிய ஏற்பாடு மட்டும்தான்.

மைஸ்வோர்டு கோப்பின் பெயரைச் சரியாக மாற்றி ஈ-ஸ்வோர்டில் போட்டால் என்ன என்று கேட்காதீர்கள். வசனத்துக்குள் போடும் குறிகள் இரண்டிலும் வேறு வேறு. நமக்கு வேண்டியது நம் நிரலுக்கென்றே செய்த கோப்பு. அதைத் தேடி இறக்குவதே மேல்.

நான்காம் படி: எந்த மொழிபெயர்ப்பு

எக்ஸில் முடியும் தமிழ்க் கோப்பு ஒன்றை இறக்கி அனுப்பினேன். அது நிரலில் வந்தும்விட்டது. இரண்டு நிமிடத்தில் மறுபடி போன்.

"ஏல, இது நம்ம பைபிள் இல்லயே."

"எப்படிச் சொல்றீங்க?"

"படைத்தார்னு போட்டிருக்கு."

ஆதியாகமம் முதல் வசனத்தை வாசித்த மாத்திரத்தில் பிடித்துவிட்டார். தமிழ் வேதாகமத்தின் பதிப்பைக் கண்டுபிடிக்க இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது. தேவன் "சிருஷ்டித்தார்" என்றிருந்தால் ஓ.வி., அதாவது ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வந்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது. தென்மாவட்டச் சபைகளில் பெரும்பாலும் இதைத்தான் வாசிக்கிறோம். தேவன் "படைத்தார்" என்றிருந்தால் பிற்கால எளிய தமிழ்ப் பதிப்புகளில் ஒன்று. "கடவுள்", "விண்ணுலகு" என்று தொடங்கினால் 1995-ல் வந்த திருவிவிலியம், கத்தோலிக்கத் திருச்சபையில் வாசிப்பது.

அச்சுப் புத்தகத்தில் என்றால் புத்தகப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். ஓ.வி.யில் யாத்திராகமம் என்பது திருவிவிலியத்தில் விடுதலைப் பயணம். ஆனால் ஈ-ஸ்வோர்டில் அதை நம்ப முடியாது. கோப்புக்குள் புத்தகங்கள் 1 முதல் 66 வரை எண்களாகத்தான் இருக்கின்றன. பெயரைத் திரையில் எழுதுவது நிரல். அதனால் வசனத்தைப் பாருங்கள், தலைப்பைப் பார்க்காதீர்கள்.

நிரலுக்குள்ளேயே பைபிள் மெனுவில் இன்ஃபர்மேஷன் என்பதைச் சொடுக்கினால் கோப்பைச் செய்தவர் எழுதிய குறிப்பு வரும். சிலர் நாலு வரி ஒழுங்காக எழுதியிருப்பார்கள். பலர் தமிழ் பைபிள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அதனால்தான் நான் முதலில் சிருஷ்டித்தாரைத் தேடுகிறேன்.

பிற்சேர்க்கை 1: "ஈ-ஸ்வோர்டு ஃபோல்டரில் தமிழ்க் கோப்பே இல்லை, ஆனால் நிரலில் வருகிறது, எங்கே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுத முயலும் பழைய நிரல்களை விண்டோஸ் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். உங்கள் பயனர் பெயருள்ள ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்று போய்ப் பாருங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும். முன்பு பின்னொட்டுக்கு டிக் போட்ட அதே இடத்தில் ஹிட்டன் ஐட்டம்ஸுக்கும் டிக் போட வேண்டும்.

பிற்சேர்க்கை 2: இன்னொருவருக்கு எல்லாப் படியும் சரியாக வந்து, திரையில் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பை. படம் அனுப்பியிருந்தார். சொல்லுக்கு ஓர் அரைப்புள்ளியாவது நடுவில் நின்றது. அரைப்புள்ளி அப்படிக் கொட்டிக் கிடந்தால் அது பாமினி எழுத்துரு, அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. பாமினியை நிறுவினால் படிக்கலாம், ஆனால் யூனிகோடில் தட்டித் தேடினால் ஒரு வசனமும் அகப்படாது. என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு மாற்றலாம்தான். 31,000 வசனத்துக்கு அந்த வேலை வேண்டாம், யூனிகோட் கோப்பு ஒன்றைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 3: பழைய ஈ-ஸ்வோர்டை நீக்கிவிட்டுப் புதியதைப் போடப் போகிறவர்கள், டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கும் ஈ-ஸ்வோர்டு ஃபோல்டரை முதலில் பென் டிரைவில் நகலெடுங்கள். நீங்கள் எழுதிய குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன. சித்தப்பாவுக்கு நான் செய்த முதல் வேலை அதுதான், ஆறு வருடப் பிரசங்கக் குறிப்பு. ஓ.வி. கோப்பு இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. போட்டுக் கொடுத்தேன். சிருஷ்டித்தார் என்று சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போனை வைத்தார்.