அம்மம்மாவின்ர படமும் உச்சி வெயிலும்

போன சித்திரை வருசப்பிறப்புக்கு கிளிநொச்சியில எங்கட வீட்டு முத்தத்தில அம்மம்மாவை புதுச்சீலையோட கதிரையில இருத்தி படம் எடுத்தனான், மத்தியானம் 12 மணி, நல்ல வெளிச்சம் தானே எண்டு நினைச்சன், ஆனா பாத்தா கண் ரெண்டும் கறுத்த குழி, மூக்குக்குக் கீழ நிழல் மீசை மாதிரி. ஏப்ரல் நடுவில எங்கட பக்கம் மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட நேர தலைக்கு மேல, நெத்தி எலும்பு கண்ணை மறைச்சுப்போடும். பிளாஷ் போட்டன், இன்னும் மோசம், கன்னம் எண்ணெய் பூசின மாதிரி மினுங்கிச்சு.

பிறகு கதிரையைத் தூக்கி விறாந்தைக்குள்ள வச்சன். கூரை விளிம்பில இருந்து ரெண்டு அடி உள்ளுக்கு, முகம் முத்தத்தைப் பாத்தபடி. மேல் வெயில் கூரையில நிண்டுட்டுது, முத்தத்து வெள்ளை மணலில பட்ட வெளிச்சம் கீழ இருந்து மெதுவா முகத்துக்கு வந்துது. மடியில ஒரு வெள்ளை பெட்சீட்டையும் விரிச்சுவிட்டன், நாடிக்குக் கீழ இருந்த இருட்டும் போட்டுது.

முதுகுப் பக்கம் கதவு திறந்து கிடந்து வெளிச்சம் வந்தா கமரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கும், அதால கதவைச் சாத்தி ஒரு சின்ன இடத்து வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பொட் மீட்டரை முகத்தில வச்சு எடுத்தன். 50 எம்எம் லென்ஸ், வெளிச்சம் உள்ள வாற துவாரம் எஃப் 2.8.

அம்மம்மாவுக்கு கமராவைக் கண்டா உடம்பு விறைச்சுப்போம், அதுக்கு எங்கட பக்கத்து இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாஞ்ச கதையைக் கேட்டன். அவ சொல்லத் தொடங்கினா, அவவின்ர கண்ணுக்குள்ள முத்தம் முழுக்க சின்னதா வெள்ளையா தெரிஞ்சுது, அப்ப தான் கமரா பட்டனை அமத்தினன்.