ஓடை நீரில் எத்தனை கிலோவாட் கிடைக்கும்?

ஓடை நீரில் சுழன்று மின்சாரம் எடுக்க உதவும் டர்பைன் வாங்குமுன் இரண்டை அளந்துவிடுங்கள்: நீர் விழும் உயரம், நொடிக்கு வரும் நீரின் அளவு.

உயரத்தைக் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப்பாலேயே படிப்படியாக அளக்கலாம். சிறிய ஓடையென்றால் முழு நீரையும் டிரம்முக்குள் திருப்புங்கள். 200 லிட்டர் டிரம் 10 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 20 லிட்டர், அதாவது 0.02 கன மீட்டர். கோடையிலும் அளக்க வேண்டும். ஐப்பசி மழைக் கணக்கை மட்டும் நம்பி வாங்கிய இயந்திரம் பங்குனியில் சும்மா கிடக்கும்.

உயரம் 28 மீட்டர், குழாய் உராய்வில் 3 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 25. சிறு இயந்திரங்களுக்குத் திறன், அதாவது நீரின் ஆற்றலில் மின்சாரமாக மாறும் பங்கு, 60 சதவீதம் என்று எடுத்தால் (9.81 என்பது புவியீர்ப்பு எண்): 9.81 × 0.02 × 25 × 0.6 = சுமார் 2.9 கிலோவாட். குழாயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அதே நீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் உராய்வு இழப்பு ஏறக்குறைய 32 மடங்காகும்.

உற்பத்தி திடீரென்று குறைந்தால் முதலில் நீர் நுழையும் இடத்துச் சல்லடையைப் பாருங்கள். பெரும்பாலும் இலைதான் அடைத்திருக்கும். மெல்ல மெல்லக் குறைந்தால் நீரைப் பீய்ச்சும் முனையான நாசிலை மணல் அரித்திருக்கலாம், அதற்குத்தான் குழாய்க்கு முன்னால் வண்டல் தொட்டி. வால்வை ஒரேயடியாக மூடாதீர்கள், அழுத்தம் எகிறிக் குழாய் வெடிக்கும்.

பெரிய நிலையங்களுக்கும் இதே கணக்குதான். 1932இல் தொடங்கிய நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் மிக உயரத்திலிருந்து விழும் நீரை நம்பியது, அங்கே பெல்டன் சக்கரம், அதாவது பீய்ச்சும் நீர் கிண்ணங்களில் மோதிச் சுழலும் டர்பைன். மேட்டூர் அணை மின்நிலையத்திலோ நீர்த்தேக்க மட்டம் இறங்க இறங்க, அதே அளவு நீருக்குக் கிடைக்கும் மின்சாரமும் குறையும்.