தெய்வமாகப் போகிறவளை முதலில் மனுசியாக்கினேன்

ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கூடிக் கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 5ஆம் பதிப்பில் பாத்திரங்கள் 1ஆம் நிலையிலிருந்து 20ஆம் நிலை வரை வளர்கின்றன. நானோ மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடியில் நண்பர்களுடன் ஆடிய முதற்கதையிலேயே, தெய்வமாவதற்கென்று பிறந்தவளாக என் பாத்திரத்தை எழுதி, பெருமை அனைத்தையும் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டேன். மூன்றாம் அமர்வில் மற்றவர்கள் அவளுக்கு எடுபிடிகளாகிச் சலித்துப்போனார்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்குப் போனபோதுதான் என் பிழை விளங்கியது. கணவனை இழந்து, அரசவையில் நீதி கேட்டு, மதுரையை எரித்த பின்னரே கண்ணகி தெய்வமானாள். அந்தச் சினத்தைத் தணிக்கவே இன்றும் எங்கள் ஊர்களில் குளிர்த்தி பாடப்படுகிறது. (சினமில்லாத அம்மனுக்குக் குளிர்த்தி எதற்கு?)

ஆகவே, என் பாத்திரத்தின் விதியை அவளே அறியாத இரகசியமாக்கிக் கதை நடத்துபவரிடம் ஒப்படைத்தேன். ஒவ்வொரு வரத்துக்கும் ஓர் இழப்பை விலையாக வைத்தேன். முதலில் போனது தம்பியின் முகம் பற்றிய நினைவு. இப்போது 6ஆம் நிலையில் நிற்கும் அவளைக் காப்பாற்ற மற்ற மூவரும் தாமாகவே முன்வருகிறார்கள்.