காலி பாட்டிலைத் திரும்ப வரவைப்பது எப்படி?

பொருளைக் குப்பையாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மாற நினைக்கும் குளிர்பான நிறுவனம் கண்ணாடி பாட்டிலில் தொடங்கலாம். கோலி சோடா விற்றவர்களுக்கு இது புதிதல்ல; சரக்கு இறக்கிய வண்டியிலேயே காலியும் ஏறிவிடும்.

முதலில் திரும்பும் விகிதத்தைக் கணக்கிடுங்கள். 100 பாட்டிலில் 80 திரும்பினால் ஒரு பாட்டில் சராசரியாக 5 முறை நிரம்பும். 90 என்றால் 10 முறை, 95 என்றால் 20 முறை. பாட்டிலின் விலையை இந்த எண்ணால் வகுத்து, கழுவும் செலவையும் வண்டி வாடகையையும் கூட்டினால் ஒரு முறை நிரப்பும் செலவு கிடைக்கும். ஆலைக்கு வெகு தொலைவில் விற்கும் சரக்குக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

அடுத்தது டெபாசிட்: விற்கும்போது பாட்டிலுக்கென்று வாங்கி, காலி வந்ததும் திருப்பித் தரும் பணம். பழைய பேப்பர் கடையில் கிடைக்கும் விலையைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையேல் பாட்டில் அங்கே போய்விடும். நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் வைத்தார்கள். ஜெர்மனியில் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், மினரல் வாட்டர் பாட்டிலுக்கு 15 சென்ட். வாங்கிய டெபாசிட் வருமானமல்ல, கடன். கணக்கிலும் அப்படியே எழுதுங்கள்.

திட்டம் படுப்பது பெரும்பாலும் கடைக்காரரிடம்தான். காலியை அடுக்க இடம், கல்லாவிலிருந்து கொடுக்கப் பணம், இரண்டும் அவருடையவை. பாட்டிலுக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுங்கள், குறித்த நாளில் காலியை எடுங்கள். இரண்டு வாரம் தவறினால் மூன்றாவது வாரம் வாங்க மறுத்துவிடுவார்.

கையிருப்பு: தினம் 10,000 பாட்டில் விற்று, ஒன்று திரும்ப 30 நாள் ஆனால் 3 லட்சம் பாட்டில் சுற்றில் இருக்கும். கோடைக்கும் உடைசலுக்கும் தனியே சேருங்கள்.

பல பானங்களுக்கும் ஒரே வடிவ பாட்டிலே லாபம், பிரித்து அடுக்கும் வேலை மிச்சம். ஜெர்மானிய மினரல் வாட்டர் நிறுவனங்கள் 1969 முதல் 0.7 லிட்டர் பொது பாட்டிலைப் பகிர்கின்றன. கோக-கோலா 2018-ல் பிரேசிலில் இதே வழிக்கு வந்தது. மார்க்கெட்டிங் பிரிவு முணுமுணுக்கும், லேபிளை வைத்துச் சமாளியுங்கள்.

கழுவ, 1.5 முதல் 3 சதவீத காஸ்டிக் சோடா கரைசல், 60 முதல் 80 டிகிரி. வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்குங்கள், சட்டென்று மாறினால் கண்ணாடி விரியும். கடைசி அலசலுக்குப் பின் ஃபீனால்ஃப்தலீன் சொட்டு விடுங்கள்; இளஞ்சிவப்பானால் காரம் மீதமிருக்கிறது, திரும்ப அலசுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றி வைத்த பாட்டிலும் வரும், அதை வாசனை பார்த்தே ஒதுக்க வேண்டும்.