டயர் நான்கும் புதிது, காற்றும் சரி. விளக்கு மட்டும் அணையவில்லை

பதினெட்டு ஆண்டுகளாக டயர் கழற்றி மாட்டுவது என் தொழில். புது டயர் போட்டுக்கொண்டு மகிழ்ச்சியாகப் போனவர் மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றால், காரணத்தைக் கேட்கவே வேண்டியதில்லை. டேஷ்போர்டில், டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பின் மஞ்சள் விளக்கு: லாடம் போன்ற வளைவு, அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. "காற்றை ஒழுங்காக அடிக்கவில்லையா?" என்பார். மீட்டரை வைத்துப் பார்த்தால், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவு நான்கிலும் அப்படியே இருக்கும். குறை காற்றில் இல்லை. அந்தச் சக்கரங்களைக் காருக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனவே விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், எப்படி எரிகிறது என்று பாருங்கள். வண்டியைக் கிளப்பியதும் அசையாமல் எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், கண்காணிக்கும் அமைப்பிலேயே கோளாறு. ஏதோ ஒரு சென்சாரின் குரல் காருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது வகைக்குக் காற்று அடித்துக்கொண்டே இருப்பது வீண் வேலை.

அடுத்து, உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் அழுத்தத்தையும் எண்ணாகத் திரையில் காட்டினால் சக்கரத்துக்குள் சென்சார் இருக்கிறது, அது நேரடி வகை. எண் எதுவும் காட்டாமல், மெனுவில் 'அழுத்தத்தைப் பதிவு செய்' என்பது போல் ஒரு கட்டளை மட்டும் இருந்தால் பெரும்பாலும் மறைமுக வகை. சந்தேகமாக இருந்தால் காரின் கையேட்டைப் புரட்டுங்கள். உலோக வால்வு என்றால் சென்சார், ரப்பர் வால்வு என்றால் இல்லை என்ற கணக்கை நம்ப வேண்டாம். ரப்பர் வால்வின் அடியில் கூடச் சென்சார் உட்கார்ந்திருக்கும்.

மறைமுக வகையில் மாற்ற வேண்டிய பொருள் எதுவும் இல்லை. காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றுக் குறையும். அதனால் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார்கள் இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும். இதில்தான் ஒரு சிக்கல். தேய்ந்து 3 மில்லிமீட்டர் பட்டை (தரையில் படும் வரிகளின் ஆழம்) மிஞ்சிய டயர் ஒரு பக்கம், 8 மில்லிமீட்டர் பட்டையோடு புது டயர் இன்னொரு பக்கம் என்றால், விட்டத்தில் 10 மில்லிமீட்டர் வேறுபாடு. 205/55 ஆர்16 என்ற அளவுள்ள டயரின் விட்டமே சுமார் 632 மில்லிமீட்டர்தான். காற்று சரியாகவே இருந்தாலும் பழைய டயர் வேகமாகச் சுற்றும். ஆகையால் ஒரே ஒரு டயர் மாற்றினாலும் பதிவை அழித்துப் புதிதாகக் கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். முதலில் டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் காற்றைச் சரியாக அடியுங்கள். அதன் பிறகே பொத்தானை அழுத்துங்கள். வரிசையை மாற்றினால், குறைந்த காற்றையே சரியான அளவு என்று கார் மனப்பாடம் செய்துகொள்ளும்.

நேரடி வகைதான் கை வைக்கும்போது கவனம் கேட்பது. வால்வின் உள்முனையில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் அழுத்தமானி, வெப்பமானி, சிறிய ரேடியோ, பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. அழுத்தத்தோடு அந்த எண்ணையும் சேர்த்து ஒலிபரப்பும். தன் நினைவில் உள்ள எண்களுக்கு மட்டுமே கார் காது கொடுக்கும். பக்கத்தில் நிற்கும் காரின் டயர் அழுத்தம் உங்கள் திரையில் வராமல் இருப்பது இதனால்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு இன்னும் மறக்கவில்லை. டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் இயந்திரத்தின் தகட்டை வால்வுக்குப் பக்கத்திலேயே வைத்து மிதியை அழுத்தினேன். காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். டயரைக் கழற்றினால், வால்வு ரிம்மிலும் பெட்டி டயருக்குள்ளும் தனித்தனியாகக் கிடந்தன. முதலாளி திட்டவில்லை. உடைந்த பெட்டியை நூலில் கட்டி, இயந்திரத்துக்கு எதிரே ஆணியில் தொங்கவிட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

தகட்டை வால்வுக்கு எதிர்ப்புறத்தில்தான் வைக்க வேண்டும். டயரைத் திரும்ப ஏற்றும்போது, விளிம்பு கடைசியாக இறுகும் இடம் சென்சாரின் மேல் வராதபடி ரிம்மைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வேலை கொடுக்கும்போதே "சென்சார் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். பஞ்சருக்கு நுரை மருந்து அடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது சென்சாரின் துளையை அடைத்துவிடக்கூடும்.

உலோக வால்வாக இருந்தால், டயர் கழற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வளையம், நட்டு, உள்ஊசி, மூடி ஆகியவற்றைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய வளையம் ஒருமுறை நசுங்கினால் மறுபடி அடைக்காது. அலுமினிய வால்வுக்குள் நிக்கல் பூசிய ஊசிதான் போக வேண்டும். சாதாரணப் பித்தளை ஊசி நாளடைவில் அரித்து ஒட்டிக்கொள்ளும். அழகுக்காக மாட்டும் உலோக மூடிக்கும் இதே கதைதான். பிளாஸ்டிக் மூடி போதும்.

சென்சாரின் பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டு உழைக்கும். அதை மட்டும் மாற்ற முடியாது, பெட்டிக்குள் வைத்து அடைத்து ஒட்டியிருக்கும். எட்டு வயதான சென்சாரோடு புது டயர் போடுகிறவர்களிடம், "இப்போதே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இதே டயரை மறுபடி கழற்ற வேண்டி வரும்" என்பேன். பாதிப்பேர் விற்பனைத் தந்திரம் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

ரிம்மையே மாற்றுகிறவர்களுக்கு இரண்டு வழி. பழைய சென்சாரைக் கழற்றிப் புது ரிம்மில் பொருத்தலாம். ரிம்மின் உள்வளைவில் அது முட்டாமல் படிகிறதா என்று பார்க்க வேண்டும். அல்லது புதிதாக வாங்கலாம். வாங்குவதற்கு முன் அலைவரிசையைப் பாருங்கள்: 315 மெகாஹெர்ட்ஸ், 433 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு உண்டு. ஒன்றைக் கேட்கும் காரில் மற்றதைப் போட்டால் காலத்துக்கும் காதில் விழாது. எண்ணை எழுதிக்கொள்ளும் வகைச் சென்சார்களில் பழைய சென்சாரின் எண்ணையே பிரதி எடுக்கலாம். இரண்டு செட் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் நிம்மதி. மாற்றியது காருக்கே தெரியாது. அதனால் பழைய டயரைக் கழற்றும் முன் நான்கு எண்களையும் கருவியால் படித்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் மாறினால் காருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சில கார்கள் சற்று நேரம் ஓட்டினால் தாமே கற்றுக்கொள்ளும். நின்ற இடத்தில் சென்சார் தூங்கும் என்பதால் ஓட்டித்தான் ஆக வேண்டும். சிலவற்றில் கற்கும் நிலைக்குப் போய், ஒவ்வொரு சக்கரமாகக் கருவியால் சென்சாரை எழுப்ப வேண்டும். வேறு சிலவற்றுக்கு டேஷ்போர்டின் அடியிலுள்ள செருகுவாய் வழியே எண்ணை எழுத வேண்டும். உங்கள் காருக்கு எது என்று கையேடு சொல்லும். முன்சக்கரத்தைப் பின்னுக்கு மாற்றினாலும் இதைச் செய்யுங்கள். இல்லையேல் சில கார்கள் பின்டயர் பஞ்சருக்கு முன்டயரைக் காட்டும்.

இந்த வேலைக்குச் சோம்பி, நான்கு சென்சாரையும் காற்றடைத்த ஒரு குழாய்க்குள் போட்டு டிக்கியில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், டயர் தரையோடு படுத்திருந்தாலும்.

விளக்கு அணைந்த பிறகும் மீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறையும்போது எச்சரித்தால் போதும். 32 பி.எஸ்.ஐ. வேண்டிய டயர் 25-க்கு இறங்கியும் விளக்கு பேசாமல் இருக்கலாம். குளிர்காலக் காலையில் மட்டும் எரிந்து, ஓடியதும் அணைகிறதா? வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும், எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் டயரை அது தள்ளிவிடும். காற்று அடித்தால் தீர்ந்தது. ஸ்டெப்னி மாட்டியபின் விளக்கு மினுக்கினாலும் பதற வேண்டாம். பெரும்பாலான ஸ்டெப்னியில் சென்சாரே கிடையாது.