இலவச வக்கீலால் தீர்ந்த என் குடியுரிமைக் குழப்பம்

நான் பினாங்கில் பிறந்தவள். தண்டையார்பேட்டைக்கு மருமகளாக வந்து பத்து வருடமாகிறது. குடியுரிமைக்கு 12 வருடம் ஆகவேண்டும் என்று ஓர் ஏஜென்ட் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது. நாத்தனார்தான், "அண்ணி, பெண்களுக்கு இலவசமா வக்கீல் வைப்பாங்க" என்று 15100-க்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலம்மா என் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு முத்திரைத் தேதியையும் பென்சிலால் எழுதிக்கொண்டார். 12 வருடக் கணக்கு வேறு வழிக்கானதாம். இந்தியரை மணந்தவர்களுக்கு 1955 குடியுரிமைச் சட்டத்தில் பதிவு முறை இருக்கிறது, 7 வருடம் போதும். ஆனால் விண்ணப்பிக்கும் முன் கடைசி 12 மாதம் இங்கேயே இருந்திருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சரி என்று பொறுத்தேன். அப்புறம் ஆன்லைனில் நிரப்பி, கலெக்டர் ஆபீசில் கொடுத்தேன்.